முன்னிலை ஒருமை

என் கணவருக்கு வாயில்லை என்று யாராவது சொன்னால் சாவகச்சேரிக் கோட்டில் கிடக்கிற வாங்குப்பலகைகூடச் சிரிக்கும். அந்த நீதிமன்றத்தில் அவர் மொழிபெயர்ப்பாளர். நீதவான் இங்கிலீசில் கேட்பதை எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, தமிழில் சொல்ல வேண்டும். எதிரி தமிழில் அழுவதை நீதவானுக்கு இங்கிலீசில் சொல்ல வேண்டும். காலையில் தலைப்பாகையும் சால்வையுமாகப் போனாரென்றால் பின்னேரம் வரைக்கும் அவருடைய வாய்தான் அந்தக் கோட்டுக்கே வாய். உத்தியோக மரியாதைக்கு ஊரார் ‘சின்ன முதலியார்’ என்று கூப்பிட்டார்கள். அவருடைய குரலைக் கேட்கவென்றே வழக்கில்லாதவர்களும் வந்து யன்னலோரம் நிற்பார்கள் என்று கலியாணம் பேசி வந்தவர் எங்கள் வீட்டில் பெருமையாகச் சொன்னார்.

அந்தக் குரலுக்குத்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். ஆனால் பின்னேரம் வீட்டுக்கு வருகிற சீவரத்தினம் குரலைக் கோட்டிலேயே வைத்துவிட்டு வந்தார்.

முப்பத்துநாலாம் ஆண்டு ஆவணியில் எங்களுக்குக் கலியாணம். எனக்குச் சீதனமாகத் தந்த வீடு நெல்லியடிக்குப் பக்கத்தில், தாய் தகப்பன் வளவுக்குள்ளேயே இருந்தது. அவருடைய உத்தியோகம் சாவகச்சேரியில். அதனால் சந்தைக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் குடியேறினோம். இரண்டு அறை, ஒரு விறாந்தை, ஒரு கிணறு, வேலிக்கு அந்தப்பக்கம் நாகேஸ்வரி அக்கா.

நான் கதைக்காரி. அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் யாரும் பேசுவதில்லை, கதைப்பார்கள். பேசினால் அது ஏச்சு. சந்தையில் மீன் விலை கேட்பதும் கதை, ராசா ராணி கதையும் கதை. இரண்டு பேர் ‘கதைக்கிறேல்லை’ என்றால் அவர்களுக்குள் கோபம், நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து நின்றுவிட்டது என்று அர்த்தம். ஆகவே எங்கள் ஊரில் ஒருவர் கதையாமல் இருந்தால் அவர் சும்மா இருக்கிறார் என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

எனக்கு வாய்த்த மனிதர் “தண்ணி வேணும்” என்பார். போதுமென்றால் “சோறு காணும்” என்பார். “குடையை எடுத்து வைச்சா நல்லது, மழை வருமாம்” என்பார். யாருக்குச் சொன்னார்? எனக்கா, அடுப்புக்கா, குடைக்கா? எந்த வாக்கியத்திலும் என்னைக் கூப்பிடுகிற சொல் ஒன்று இருக்காது. தானாக வந்து சொல்கிற செய்தி எதுவானாலும் ‘ஆம்’ போட்டுத்தான் முடிப்பார். மழை வருமாம். பஸ் பிந்துமாம். அரிசி விலை ஏறுமாம். தன்னுடைய வாயால் ஒரு மழையைக்கூடப் பெய்யவிட மாட்டார். கோட்டில் இந்த ‘ஆம்’ செல்லாது, கேள்விப்பட்டது சாட்சியாகாது என்று அடிக்கடி சொல்வாராம். அதையும் நான் கேள்விதான் பட்டேன்.

நான் மட்டும் என்ன குறை வைத்தேன்? எங்கள் பெண்கள் புருசனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘இஞ்சேருங்கோ’ என்போம். நான் விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை இஞ்சேருங்கோ, இஞ்சேருங்கோ என்று அந்த வீட்டை நிறைத்தேன். “இஞ்சேருங்கோ, நாகேஸ்வரி அக்காவின்ரை ஆடு குட்டி போட்டிட்டுது.” “ம்.” “இஞ்சேருங்கோ, இண்டைக்குக் கத்தரிக்காய் நல்லாயிருந்ததோ?” “ம்.” ஒரு நாள் நான் கோபத்தில் “இஞ்சேருங்கோ, கிணத்துக்கை யானை விழுந்திட்டுது” என்றேன். அதற்கும் ‘ம்’தான். பிறகு எழும்பிப் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அதைப் பார்த்தபோது சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

முதலில் வெட்கம் என்று நினைத்தேன். பிறகு வேலைக்களை என்று நினைத்தேன். தை பிறந்த பிறகு வேறொன்றை நினைக்கத் தொடங்கினேன். இந்த மனிதருக்கு என்னைப் பிடிக்கவில்லை. சாதகம் பொருந்தியது, சீதனம் பொருந்தியது, ஆள் பொருந்தவில்லை. வாய்விட்டுச் சொல்ல முடியாமல் ‘ம்’ கொட்டிக் காலத்தை ஓட்டுகிறார். அந்த நினைப்பு வந்த அன்று கப்பிக்கயிற்றைப் பிடித்தபடி கிணற்றடியில் நின்று அழுதேன். எனக்கு அவரை அவ்வளவு பிடித்திருந்தது.

மாசியில் எங்கள் வீட்டுக்கு லத்தீன் வந்தது. மற்றவர்களுடைய வாயாக இருந்தது காணும், தானே பிறக்கிராசியாகி வழக்காட வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. சட்டம் படிப்பதற்கு முன்னால் லண்டன் மற்றிக்குலேசன் பாஸ் பண்ண வேண்டும். அதற்கு லத்தீன் எடுத்தால் பிறகு சட்டத்துக்கும் உதவும் என்று யோசித்தார். இதெல்லாம் அவர் எனக்குச் சொல்லவில்லை, கிளரன்ஸ் மாஸ்ரர் சொன்னார். கிளரன்ஸ் இவருடைய பள்ளிக்கூடச் சிநேகிதர், மிசன் பள்ளிக்கூடம் ஒன்றில் லத்தீன் படிப்பிப்பவர். சனிக்கிழமைகளில் சைக்கிளில் வந்து, ஒரு தட்டுப் பயித்தம்பணியாரத்தை முடித்துவிட்டுத்தான் புத்தகத்தைத் திறப்பார். இரண்டு பேருக்கும் ‘மச்சான்’, ‘நீ’தான். “நீ படிச்சனியோடா?” என்று அவர் கேட்க, “நீ முதல்லை வாயைத் துடை” என்று இவர் சொல்ல, நான் குசினிக்குள் இருந்து கேட்பேன். கிளரன்சுக்கு ஒரு ‘நீ’ இருக்கிறது, எனக்கு ஒன்றுமில்லை என்று எரிச்சலாக இருக்கும்.

மற்ற நாட்களில் அவர் தனியாகப் பாடமாக்குவார். ஒரு பின்னேரம் புத்தகத்தை மேசையில் என் பக்கமாகத் தள்ளி, “பிடிச்சுப் பார்த்தா நல்லது” என்றார். மேசைக்குச் சொன்ன மாதிரித்தான் இருந்தது. ஆனாலும் பிடித்தேன். நான் மிசன் விடுதிப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். இங்கிலீசு எழுத்துத்தானே லத்தீனுக்கும். அவர் கண்ணை மூடிக்கொண்டு வினைச்சொற்களை வரிசையாகச் சொல்ல, நான் விரலை வைத்துச் சரிபார்த்தேன்.

அன்றைக்குத்தான் ஊர் சொன்ன குரலை என் வீட்டுக்குள் கேட்டேன். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. விளங்காவிட்டால் என்ன, அது எனக்கு முன்னால் இருந்து வருகிறதே என்று சந்தோசமாக இருந்தது. “முதலியார் என்ன மந்திரம் உருவேத்துறார்?” என்று நாகேஸ்வரி அக்கா வேலிக்கு மேலால் கேட்டா. “உத்தியோக மந்திரம்” என்றேன். அதற்குப் பிறகு நான் பொழுதுபடுவதற்கு முன்பே சமையலை முடித்துவிட்டு மேசைக்கு வந்துவிடுவேன்.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை கிளரன்ஸ் வந்தபோது ஒரு சொல்லில் இருவருக்கும் வாக்குவாதம் வந்தது. அந்தச் சொல் ஃபாபுலோர்.

“நான் கதைக்கப்படுகிறேன்” என்று மொழிபெயர்த்தார் இவர். “வடிவு அப்பிடித்தானே இருக்கு. செயப்பாட்டு வினை.”

“வடிவை நம்பாதை, மச்சான். அது டிப்போனன்ற் வினை.”

“டிப்போனன்ற் எண்டால் சாட்சி. கோட்டிலை சத்தியம் பண்ணி வாக்குமூலம் குடுக்கிறவன். நாளாந்தம் எழுதுற சொல்லு, எனக்குத் தெரியாதே? நான் பக்கத்திலை ‘சாட்சி வினை’ எண்டு எழுதி வைச்சிருக்கிறன்.”

கிளரன்ஸ் பணியாரம் புரையேறச் சிரித்தார். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னார்: “ரண்டும் ஒரு வேர்தான். கீழை வைக்கிறது எண்டு கருத்து. உன்ரை சாட்சி தன்ரை வாக்கைக் கோட்டுக்கு முன்னாலை வைக்கிறான். இந்த வினை தன்ரை செயப்பாட்டுக் கருத்தைக் கழட்டிக் கீழை வைச்சிட்டுது. உடுப்பு மட்டும் பழைய உடுப்பு. பார்த்தால் ‘கதைக்கப்படுகிறேன்’, உள்ளுக்கை ‘கதைக்கிறேன்’. விளங்குதோ?”

“அப்ப கதை சொல்லுறதுக்கு வேறை சொல்லோ?”

“இல்லை, அதுக்கும் இதுதான். ஃபாபுலா எண்டால் கதை. அதிலையிருந்து வந்தது ஃபாபுலோர். ரண்டுபேர் இருந்து அலட்டுறதும் ஃபாபுலோர், கட்டுக்கதை சொல்லுறதும் ஃபாபுலோர். இங்கிலீசிலை ரண்டுக்கும் வெவ்வேறை சொல்லு வேணும்.”

நான் வெறுங்கோப்பையோடு நின்றேன். வாயை அடக்க முடியவில்லை. “எங்களுக்கு வேண்டாமே, மாஸ்ரர். கதைக்கிறதும் கதைதானே” என்றேன்.

“அதுதான் தங்கச்சி. ரோமாபுரியிலையும் சாவகச்சேரியிலையும்தான் இந்தச் சங்கதி தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம்” என்றார் கிளரன்ஸ். என் கணவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அது குடையைப் பார்க்கிற பார்வை அல்ல. ஏதோ சொல்லப் போகிறார் என்று நான் காத்து நின்றேன். “தண்ணி இன்னும் வேணுமாம்” என்று என் கையிலிருந்த கிளரன்சின் கோப்பையைக் காட்டினார்.

போகும்போது கிளரன்ஸ் ஒரு கட்டளை போட்டுவிட்டுப் போனார். சோதனையில் டிப்போனன்ற் வினையைத்தான் கேட்டு ஆளை விழுத்துவார்கள். ஆகவே ஃபாபுலோரைத் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று ஒவ்வொரு இடத்துக்கும் தமிழ்க் கருத்தோடு பாடமாக்க வேண்டும், தங்கச்சி புத்தகத்தைப் பிடிக்க வேண்டும்.

அடுத்த நாள் பின்னேரம் நான் புத்தகத்தைப் பிடித்தேன். அவர் கண்ணை மூடினார்.

“ஃபாபுலோர், நான் கதைக்கிறேன். ஃபாபுலாரிஸ்…” ஒரு செருமல். “ஃபாபுலாத்துர், அவன் கதைக்கிறான். ஃபாபுலாமுர், நாங்கள் கதைக்கிறோம். ஃபாபுலாமினி, நீங்கள் எல்லாரும் கதைக்கிறீர்கள். ஃபாபுலாந்துர், அவர்கள் கதைக்கிறார்கள்.”

“இஞ்சேருங்கோ, ஃபாபுலாரிசுக்குக் கருத்துச் சொல்லேல்லை.”

“ம்.”

திரும்பச் சொன்னார். திரும்பவும் அந்த இடத்தில் செருமல். மூன்றாம் தரமும் ‘நான்’ என்ற கல்லிலிருந்து ‘அவன்’ என்ற கல்லுக்குத் தாண்டினார், நடுவில் இருந்த கல்லில் கால் வைக்கவில்லை. நான் புத்தகத்தைப் பார்த்தேன். முன்னிலை ஒருமை. அந்த மேசையில் அவருக்கு முன்னால் இருந்த ஒருமை நான் ஒருத்திதான்.

“ஊரிலை உள்ள எல்லாருக்கும் இடமிருக்கு” என்றேன். “அவன் இருக்கிறான், அவர்கள் இருக்கினம், நீங்கள் எல்லாரும் இருக்கிறியள். உந்த ஒரு ஆளுக்கு மட்டும் தமிழ் இல்லையோ?”

“இருக்கு.”

“இருந்தால் சொல்லுறதுக்கு என்ன?”

அவர் கண்ணைத் திறந்தார். வாயைத் திறந்தார். பிறகு இரண்டையும் மூடிக்கொண்டார். எனக்கு உச்சியில் ஏறிவிட்டது. லத்தீனில்கூட என்னைத் தாண்டிப் போகிற மனிதருக்கு நான் ஏன் புத்தகம் பிடிக்க வேண்டும்? அதை மூடி மேசையில் வைத்துவிட்டு எழும்பிப் போனேன்.

அன்றையிலிருந்து நானும் கதைப்பதை நிறுத்தினேன். ‘இஞ்சேருங்கோ’ நின்றது. சோற்றைப் போட்டேன், தண்ணீரை வைத்தேன், உடுப்பைத் தோய்த்தேன், வாய் திறக்கவில்லை. அவர் லத்தீனை வாய்க்குள்ளேயே படித்தார். அந்த வீடு அப்படி ஓய்ந்து கிடந்ததை எனக்கே தாங்க முடியவில்லை. பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாக வைப்பேன். அவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பார். ‘என்ன?’ என்று கேட்டாலும் போதும் என்று இருக்கும். கேட்கமாட்டார்.

வேலிக்கு அந்தப்பக்கம் நாகேஸ்வரி அக்காவுக்கு என்னுடைய சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அரிசி புடைத்துப் பழக்கம். சத்தம் நின்றதும் அவவுக்குக் கை ஓடவில்லை. மனதில் கள்ளமில்லாத மனுசி, கவலைப்பட்டுத்தான் சொல்லியிருப்பா. அவவின் தங்கச்சி நெல்லியடியில் இருந்தா. சித்திரை வருசத்துக்கு அக்கா அங்கே போய் வந்தா. அதற்குப் பிறகு இந்தச் செய்தி நெல்லியடிச் சந்தைக்கு வந்து, வெற்றிலைக் கடையில் இருந்து, புகையிலைத் தோட்டங்களைச் சுற்றி, என் தாயின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. முதலியாரும் பெண்சாதியும் கதைக்கிறேல்லையாம். மாப்பிள்ளை பெட்டையைத் தள்ளி வைச்சிட்டாராம். பெட்டை அழுதுகொண்டு கிடக்கிறாளாம். எல்லாம் ‘ஆம்’தான். கோட்டில் செல்லாத ‘ஆம்’ என் தாயிடம் செல்லும்.

ஒரு பின்னேரம் வீட்டு வாசலில் கார் ஒன்று வந்து நின்றது. என் தகப்பன் பஞ்சலிங்கம் இறங்கினார். புகையிலைக் கன்றுக்குத் தண்ணீர் இறைப்பதைத் தவிர வேறெந்தச் சண்டைக்கும் போகாத மனிதர் அவர். வாடகைக் கார் பிடித்து வந்திருக்கிறார் என்றால் அம்மா என்ன பாடு படுத்தியிருப்பா என்று எனக்கு விளங்கியது.

“பிள்ளை, நீங்கள் ரண்டுபேரும் கதைக்கிறேல்லை எண்டு ஊரெல்லாம் கதை” என்றார் விறாந்தையில் இருந்தபடி. “மெய்யோ?”

நான் நிலத்தைப் பார்த்தேன்.

“அப்ப மெய்தான். கொம்மா உன்னைக் கையோடை கூட்டிக்கொண்டு வரச்சொன்னவ. உன்ரை வீடு அங்கை பூட்டிக் கிடக்கு. வந்து இரு. பிறகு என்ன செய்யிறதெண்டு பெரியாக்கள் யோசிப்பம்.”

பெரியாக்கள் யோசிப்பம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். போன பெண் திரும்பி வருவதில்லை. இரண்டு பக்கமும் மானம், இரண்டு பக்கமும் வீம்பு, பிறகு ஒரு தலைமுறைக்குக் கதையில்லை. போகாமல் விடலாம். ஆனால் எதற்காக இருப்பது? இரு என்று சொல்வதற்கு இந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? நான் றங்குப்பெட்டியை இழுத்து உடுப்புகளை அடுக்கத் தொடங்கினேன். கை அடுக்கியது, காது வாசல் படலையில் இருந்தது.

அவர் கோட்டிலிருந்து வந்தார். வாசலில் கார், விறாந்தையில் மாமனார், அறைக் கதவடியில் மூடிய றங்குப்பெட்டி. எல்லாவற்றையும் பார்த்தார். தலைப்பாகையைக் கழற்றாமல், சால்வையை எடுக்காமல், விறாந்தைத் தூணோடு நின்றுவிட்டார்.

“தம்பி, இவளைக் கூட்டிக்கொண்டு போறன்” என்றார் அப்பா. “நான் குறை சொல்ல வரேல்லை. ஒண்டு மட்டும் கேக்கிறன். என்ரை பிள்ளையோடை கதையாமல் இருக்க அவள் என்ன பிழை செய்தவள்?”

அவர் கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்றார். தொண்டையைச் சரிசெய்தார். பிறகு அந்தக் குரல் வந்தது. யன்னலோரம் நின்று கேட்கிறார்கள் என்று சொன்ன அந்தக் குரல்.

“பிழை ஒண்டுமில்லையெண்டு அவர் சொல்லுறார். தனக்கு அவவிலை ஒரு குறையுமில்லையாம். தான்தான்…”

அப்பா பின்னால் திரும்பிப் பார்த்தார். வேறு யாரும் இல்லை. “ஆர் தம்பி சொல்லுறது?”

“எதிரி” என்றார் அவர், தன்னை அறியாமல்.

எனக்கு அழுகை வந்த வேகத்தில் கோபமும் வந்தது. அறைக்குள்ளிருந்து வெளியே வந்தேன். “எதிரி எண்டால் ஆர்? இஞ்சை நிக்கிறது நீங்கள் ஒராள்தான். உங்கடை மனசிலை உள்ளதைச் சொல்லவும் உங்களுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வேணுமோ?” என்று கேட்டேன். பங்குனிக்குப் பிறகு நான் அவருக்குச் சொன்ன முதல் வார்த்தை அது.

அவர் என்னைப் பார்த்தார். மெதுவாகத் தலைப்பாகையைக் கழற்றினார். கதிரை பக்கத்தில் இருந்தது. ஆனால் அவர் குனிந்து அதைக் கீழே, நிலத்தில் வைத்தார். தலைப்பாகை அழுத்திய கோடு நெற்றியில் சிவப்பாகத் தெரிந்தது.

“மாமா, நான் சொல்லுறன்” என்றார். குரல் சின்னதாகிவிட்டது. “கோட்டிலை நாள் முழுக்க எதிரிக்காக ‘நான்’, ‘நான்’ எண்டுதான் சொல்லுறன். ‘நான் களவெடுக்கேல்லை, நான் வேலியை வெட்டேல்லை.’ அது ஒண்டும் என்ரை ‘நான்’ இல்லை. என்ரை ‘நான்’ வர வேண்டிய இடத்திலை ‘அவர்’ எண்டு வருது. நீதவான் கேக்கிறதையும் நான்தான் கேக்கிறன். ‘நீர் ஆட்டைக் களவெடுத்தீரோ? நீர் பொய் சொல்லுறீரோ?’ அந்த ‘நீர்’ எதிரிக்குச் சொல்லுற ‘நீர்’.”

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. எனக்கு விளங்கத் தொடங்கியது.

“கலியாணம் முடிஞ்சு முதல் தரம் கோட்டுக்குப் போய் வந்த அண்டைக்கு, சாப்பிட்டாச்சோ எண்டு கேக்க வேணும் எண்டு நினைச்சன். என்னெண்டு கேக்கிறது? படிச்ச பிள்ளையை ‘நீ’ எண்டு சொல்ல வாய் வரேல்லை. ‘நீங்கள்’ எண்டால் ஊர் சிரிக்கும். ரண்டுக்கும் நடுவிலை ‘நீர்’தான் சரி, எங்கடை அப்பாவும் அம்மாவை அப்பிடித்தான் கூப்பிடுறவர். ஆனால் அண்டைக்குத்தான் எதிரிக் கூட்டிலை நிண்ட ஒரு பொம்பிளையை ‘நீர் குற்றவாளியோ’ எண்டு கேட்டுப்போட்டு வந்தனான். அதே வாயாலை ‘நீர் சாப்பிட்டீரோ’ எண்டு கேக்க, விசாரணை மாதிரி இருக்கும் எண்டு பயந்தன். நாளைக்குக் கேப்பம் எண்டு விட்டன். பிறகு நாளைக்கு, நாளைக்கு எண்டு…” அவர் என் பக்கம் திரும்பினார். “ஃபாபுலாரிஸ் வரேக்கை அதுதான் தொண்டையிலை நிண்டது. கருத்துத் தெரியாமல் இல்லை.”

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். ஆவணியிலிருந்து சித்திரை வரை இந்த மனிதர் எனக்கு ஒரு சொல் தேடிக்கொண்டு இருந்திருக்கிறார். நானோ கிணற்றடியில் அழுதிருக்கிறேன். அடிக்கவும் தோன்றியது, கட்டிப்பிடிக்கவும் தோன்றியது. அப்பா முன்னால் இரண்டும் செய்ய முடியாது.

காரோட்டி வெளியே ஹோன் அடித்தான். பொழுதுபடுவதற்கு முன் நெல்லியடி போய்ச்சேர வேண்டுமாம். அப்பா எழும்பினார். தன் சால்வையை உதறித் தோளில் போட்டார். “எனக்கு உங்கடை கோட்டு வழக்கம் ஒண்டும் விளங்கேல்லை, தம்பி. பிள்ளை இப்ப வாறதோ, இருக்கிறதோ? ஒரு சொல்லுச் சொன்னால் போதும்” என்றார்.

நான் குனிந்து றங்குப்பெட்டியின் கைபிடியைப் பிடித்தேன். தூக்கவில்லை.

அவர் தூணை விட்டு எனக்கு முன்னால் வந்து நின்றார். கண்ணை மூடவில்லை.

“நீர் போகாதையும்” என்றார். “இரும்.”

கோட்டில் அந்தச் சொல்லை எத்தனையோ பேருக்கு அவர் சொல்லியிருப்பார், சாட்சிக் கூட்டில் ஏறினவர்களுக்கும் இறங்கினவர்களுக்கும். எனக்குச் சொன்னது இதுதான் முதல் தடவை. அதில் விசாரணை இல்லை, நீதவான் இல்லை, குற்றமும் இல்லை. நான் கைபிடியை விட்டேன். றங்குப்பெட்டியின் மேலேயே இருந்துவிட்டேன்.

அப்பா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தோளில் போட்ட சால்வையை எடுத்துத் திரும்பவும் கதிரையில் வைத்தார். “அப்ப ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போறன்” என்றார்.

தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டு வந்தபோது என் கணவர் என் கையைப் பார்த்து, “சுட்டிட்டுதோ உமக்கு?” என்று கேட்டார். சுடவில்லை. ஆனாலும் ஓம் என்றேன். அந்த ‘உமக்கு’ இன்னொரு தரம் வரட்டும் என்று.

காரடிக்கு இரண்டு பேரும் போய் வழியனுப்பினோம். வேலிக்கு மேலால் நாகேஸ்வரி அக்காவின் தலை தெரிந்தது. அப்பா காருக்குள் ஏறி இருந்துவிட்டு, யோசித்துவிட்டு, கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டினார். “பிள்ளை, கொம்மா கேட்டால் நான் என்னெண்டு சொல்லுறது? ஒண்டும் இல்லாமல் போய் இறங்கினால் என்னை விடாள்.”

எனக்கு ஒரு குறும்பு வந்தது. அவ்வளவு நாள் புத்தகம் பிடித்தவள் நான்.

“ஃபாபுலாமுர் எண்டு சொல்லுங்கோ, அப்பா.”

“என்ன மூர்?”

என் கணவர் சிரித்தார். அவருக்குப் பல்வரிசை நல்லது என்று அன்றுதான் கண்டேன். “அது லத்தீன், மாமா. பார்த்தால் ‘நாங்கள் கதைக்கப்படுகிறம்’ எண்டு இருக்கும். அது உடுப்பு.” அவர் வேலிப்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பினார். “கருத்து அது இல்லை.”

“கருத்து என்ன? அதைச் சொல்லுங்கோ, அவளுக்குத் தமிழிலைதான் சொல்ல வேணும்.”

அவர் கையைக் கட்டிக்கொண்டார். பழக்கம் விடவில்லை. நான் சொன்னதை என் தகப்பனுக்கு மொழிபெயர்த்தார்:

“நாங்கள் கதைக்கிறமாம் எண்டு சொல்லுறா.”

சொல்லிவிட்டு நின்றார். கட்டிய கையை அவிழ்த்தார்.

“‘ஆம்’ இல்லை, மாமா” என்று திருத்தினார். “கதைக்கிறம்.”